ஏழு நிற வயலின்

மவுறீன் வாளிக்குள்ளிருந்து தூக்கிப் பிடித்த டீசேட்டில் வயலினைக் காணவில்லை.

நேற்றுப் பின்னேரம் வரைக்கும் அது இருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் ஏழு நிறத்தில் ஒரு வயலின், அதற்குக் கீழே கறுப்பெழுத்தில் 'ரொசாய்ரோ குடும்பம்'. ஒரேயொரு தரம் சவர்க்காரத் தண்ணீரில் போட்டு எடுத்ததற்கு, வயலினும் போய், குடும்பமும் போய், வெறும் வெள்ளைத் துணி சொட்டிக்கொண்டு தொங்கியது.

"எங்க போயித்து?" என்றார் ஏர்னஸ்ட்.

"வாளிக்குள்ள எட்டிப் பாருங்க. உங்கட குடும்பம் அதுக்குள்ளதான் கிடக்கு."

வேறொருவராக இருந்தால் முகம் தொங்கிப் போயிருக்கும். ஏர்னஸ்டுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மட்டக்களப்பு டவுனில் முப்பது வருடமாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஓடாவி அவர். அளவு நாடாவை அலங்காரத்துக்கு மட்டும் இடுப்பில் செருகியிருப்பார். மரத்தைக் கண்ணால் ஒருதரம் பார்ப்பார், "என்ட கண்ணுக்குப் பிழைக்காது" என்பார், வாளை எடுத்து அறுப்பார். அவர் கண்ணளவில் செய்த அலுமாரிகளில் சில, இன்றைக்கும் கதவுக்குக் கயிறு கட்டித்தான் பூட்டப்படுகின்றன. அது வேறு கதை.

"சின்ன விசயம். அச்சுக்கடை அஸ்பாக்கிட்டப் போயித்து வாறன்" என்று அவர் மோட்டார் சைக்கிள் திறப்பைத் தேடினார்.

"ஏர்னஸ்ட், இது சின்ன விசயமில்ல. சார்மெயின் வாறதுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. இந்த முறையும் பிழைச்சிதெண்டா, பிறெண்டா இந்தத் திசைக்கே தலைவெச்சுப் படுக்க மாட்டா."

பிறெண்டாவின் கதையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

பிறெண்டா ஏர்னஸ்டின் ஒரே அக்கா. கலியாணம் முடித்து அவுஸ்திரேலியாவிலுள்ள பேர்த்துக்குப் போனவர், பத்தொன்பது வருடத்துக்கு முன் முதல்தடவையாக ஊருக்கு வந்தார். ஏர்னஸ்ட் பூமாலையோடு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார். அவர் மனதில் இருந்தது நீளக் கூந்தலும் நல்ல பருமனுமான அக்கா. வந்த அக்காவோ தலைமயிரைக் கட்டையாக வெட்டி, பாதியாக மெலிந்து, கண்ணாடியும் போட்டிருந்தார். ஏர்னஸ்ட் கண்ணால் ஒருதரம் அளந்தார். நீளக் கூந்தலோடும் நல்ல பருமனோடும் வந்த ஒரு அம்மாவுக்கு மாலையைப் போட்டு, கட்டிப்பிடித்து ஓவென்று அழுது, வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பாவம், அந்த அம்மா அழுகிற மனிதனின் மனதை நோகடிக்க விரும்பாமல் பேசாமல் வந்திருக்கிறார். குருநாகலில் தேத்தண்ணீருக்கு இறங்கியபோதுதான், தான் மாத்தறைக்குப் போகவேண்டியவர் என்று மெல்லச் சொன்னார்.

விமான நிலையத்தில் பிறெண்டா பெட்டிக்கு மேல் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். பிறகு கொழும்பிலேயே இரண்டு கிழமை நின்றுவிட்டு, மட்டக்களப்பை எட்டியும் பாராமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து தம்பியோடு ஒரு சொல் கிடையாது. மவுறீனோடு மட்டும் தொலைபேசியில் கதைப்பார். அந்த நேரமெல்லாம் ஏர்னஸ்ட் பக்கத்தில் நின்று, கேட்காத மாதிரிப் பென்சில் சீவுவார். சீவிச் சீவியே பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பென்சில் தீர்ந்திருக்கும். 

இப்போது பிறெண்டாவின் மகள் சார்மெயின் முதல்முறையாக, கொழும்பிலிருந்து ரயிலில் மட்டக்களப்புக்கு வருகிறாள். பிறெண்டா மவுறீனிடம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்.

"பிள்ளையிட படம் அனுப்ப மாட்டன். படத்தப் பாத்துக் கூட்டித்துப் போறதுக்கு ஒரு டிரைவரே போதும். என்ட தம்பி தன்ட மருமகளத் தானே அடையாளம் கண்டு வீட்ட கூட்டித்துப் போகட்டும். போனானெண்டா டிசம்பர்ல நத்தாருக்கு நானும் வருவன்."

சார்மெயினின் வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால் அங்கே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

அந்தப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஏர்னஸ்டுக்கு டீசேட் யோசனை வந்தது. குடும்பத்தில் இருபத்து மூன்று பேருக்கும் ஒரே டீசேட். சார்மெயினுக்கும் அதே. ரயிலிலிருந்து எந்தப் பிள்ளை அந்தச் சேட்டோடு இறங்குகிறதோ, அதுதான் மருமகள். அஸ்பாக் முதலில் அடித்துத் தந்த இரண்டில் ஒன்றை அவளுக்குப் பேர்த்துக்குத் தபாலில் அனுப்பியாயிற்று. 'அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன் அங்கிள்' என்று பூனையிடமிருந்து பதிலும் வந்தாயிற்று. இனி மிச்சப் பேருக்கு அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

*

அஸ்பாக்கின் அச்சுக்கடை ஓட்டமாவடியில் இருந்தது. கடையின் றாக்கைகள் ஏர்னஸ்ட் செய்து கொடுத்தவை. மைப் போத்தல்கள் எல்லாம் உருண்டு வந்து ஒரே மூலையில் கூடி நிற்கும்.

"அங்கிள், நான் அண்டைக்கே செல்லல்லயா? தாள்ல அடிச்சி சூட்டில அழுத்துற அச்சு பொலியெஸ்டருக்குத்தான் பிடிக்கும். பருத்தித் துணியில நிக்காது. நீங்கதான் 'அடி, அடி, நிக்கும்' எண்டீங்க."

"பொலியெஸ்டரப் போட்டா நம்மட வெயிலுக்கு மனிசன் அவிஞ்சி போவான். அத விடு. கழுவினாலும் போகாததா என்ன கிடக்கு?"

"டீ.டீ.எஃப். இரிக்கி. படத்த மெல்லிசான பிலிமில அடிச்சி, சேட்டில வெச்சு ஒட்டுறது. எத்தின நிறமெண்டாலும் ஒரே விலை. இருபத்து மூணு சேட்டுக்கு இதுதான் சரி. நாளையண்டைக்குத் தாறன்."

அஸ்பாக் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏர்னஸ்ட் தலையாட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் அவர் விலையைக் கேட்டார்.

"ஒரு படத்துக்கு எண்ணூறு அங்கிள்."

"முந்நூறு சேட் அடிச்சா?"

"அப்பவும் கிட்டத்தட்ட எண்ணூறுதான்."

"இதென்னடா நியாயம்? என்னட்ட ஒரு கதிரை கேட்டா ஒரு விலை, பத்துக் கதிரை கேட்டா குறைப்பன். கூட அடிச்சாக் குறையிற அச்சு இல்லையா?"

அஸ்பாக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நல்ல பிள்ளை, உண்மையைச் சொல்லிவிட்டான்.

"ஸ்கிரீன் பிரிண்ட் இரிக்கி. ஆனா அது உங்களுக்குச் சரிவராது. நிறத்துக்கு ஒரு சட்டம் வேணும். சட்டத்தில மெல்லிசாத் துணி இழுத்துக் கட்டி, ஒவ்வொரு நிறமா ஒண்டுக்கு மேல ஒண்டு இழுக்கிறது. உங்களுக்கு ஏழு நிறம், பேருக்குக் கறுப்பு, எல்லாமா எட்டுச் சட்டம். அந்தச் செலவுக்கு இருபத்து மூணு அடிச்சா ஒண்டு ரெண்டாயிரத்துக்கு மேல வரும். முந்நூறு அடிச்சாத்தான் இருநூறுக்கு இறங்கும்."

ஏர்னஸ்டின் காது ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டது.

"சட்டம் எண்டா, மரச் சட்டமா?"

"ஓம்."

"மரச் சட்டத்துக்கா இவன் காசு கேக்கிறான்!" என்று அவர் கடையைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். "டேய், ஆருக்கு முன்னால நிண்டு கதைக்கிறாய்? நானே செஞ்சி கொண்டாறன்."

இரவுச் சாப்பாட்டில் மவுறீனுக்கு விளக்கம் நடந்தது.

"கொஞ்சமா அடிச்சா ஒண்டு ரெண்டாயிரம். முந்நூறு அடிச்சா இருநூறு. அப்ப ஒரு சேட்டில நமக்கு ஆயிரத்து எண்ணூறு மிச்சம். முந்நூறு சேட்டில எவ்வளவு மிச்சம் வருதெண்டு யோசிச்சுப் பார். இதுக்குத்தான் தலை வேணுமெண்டிறது."

மவுறீன் கரண்டியைக் கீழே வைத்தார். "நாம இருபத்து மூண்டு பேர். மிச்சத்த வாவி மீனுக்கா போட்டுவிடப் போறீங்க?"

"ஊருக்குள்ள விப்பம். போட்ட காசும் வரும்."

"எண்ணூறுப்படி அடிச்சிருந்தா நாளையண்டைக்கே வேலை முடிஞ்சிருக்கும்."

"நான் கணக்குப் போட்டுத்தான் செய்யிறன், மவுறீன்."

*

பட்டறையில் மிஞ்சிக் கிடந்த முதிரைப் பலகையில் சட்டங்கள் தயாராயின. ஏழாவதோடு பலகை முடிந்துவிட்டது. ஏர்னஸ்ட் ஒரு நிமிடம் யோசித்தார். ஏழு நிறத்துக்கு ஏழு சட்டம். எட்டாவது கறுப்பு, பேருக்கு. பேர் எதற்கு? வயலின் போதாதா?

"பேர எடுத்துப்போடு" என்று அஸ்பாக்குக்குச் சொன்னார். "செலவில இன்னும் ஒரு சட்டம் மிச்சம்."

முதிரை என்றால் தெரியும்தானே, இரும்புக்கு அண்ணன். ஒரு சட்டத்தைத் தூக்கி மேசையில் வைக்க அஸ்பாக்கின் கடையில் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"அங்கிள், இதுக்கு லேசான மரந்தான் எடுப்பாங்க."

"லேசான மரம் உளுத்துப் போகும். இது உன்ட பேரப்பிள்ளைக்கும் நிக்கும். இழு, இழு."

முதல் சேட் வந்தது. ஏழு சட்டமும் ஏழு அளவு. கண்ணளவுச் சட்டம் வேறெப்படி இருக்கும்? மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், சிவப்பு வயலினை விட்டு வெளியே நின்றது. அஸ்பாக் சேட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அங்கிள், வயலின் நடுங்குது."

"வாசிக்கிற வயலின் நடுங்கத்தான் செய்யும். சும்மா வெச்சிருக்கிறதுதான் நடுங்காம இருக்கும்" என்றார் ஏர்னஸ்ட். சொன்ன பிறகு அது அவருக்கே பிடித்துப் போயிற்று. மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அதே நடுக்கத்தோடு அடிக்கப்பட்டன. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இந்தத் தரம் பத்துத் தரம் கழுவினாலும் நிறம் போகவில்லை. மவுறீனே ஒத்துக்கொண்டார்.

ஆனால் வீட்டுக்குள் நடக்க இடமில்லை. கட்டிலில் சேட், மேசையின் கீழ் சேட், பிள்ளைகள் நத்தார் மரம் வைக்கும் மூலையில் சேட். மவுறீன் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் குளியலறைக் கதவுக்கு முன்னால் ஒரு மூட்டையைக் கண்டதும் வெடித்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இது எல்லாம் வெளியில போகோணும். இல்லாட்டி நான் வெளியில போவன்."

நல்லகாலம், அன்று காலையில் பழுகாமத்திலிருந்து கதிர்காமத்தம்பி பட்டறைக்கு வந்தார். வயல்காரர், புது வீட்டுக்குக் கதவு நிலை கேட்டு வந்தவர். ஏர்னஸ்ட் அணிந்திருந்த சேட்டைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஓடாவியார், இதென்ன கண்ணுக்குள்ள குத்துற நிறம்?"

"நல்ல சேட். மலிவாத் தாறன்."

கதிர்காமத்தம்பி ஆழ்ந்து யோசித்தார். "நம்மட வயல் வட்டைக்க யானைக்குக் காவலிருக்கிற ஆக்களுக்கு அறுபது தாங்க. இதக் கண்டா யானையே கிறுகி ஓடிரும்."

ஒரு மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்டேசன் ஆட்டோக்காரன் ஜெயந்தன் தன்னுடைய தரிப்பிடத்துக்கு எட்டு எடுத்தான். ஸ்டேசன் தேத்தண்ணிக் கடையும் தம்பிலி இளநீர்க்காரரும் ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். அஸ்பாக்கின் மச்சான் பாசிக்குடாக் கடற்கரையில் கடை வைத்திருந்தான், வெள்ளைக்காரருக்கு விற்க நூறு கொண்டுபோய், இரண்டே நாளில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினான். தேவாலயச் சந்தையில் மிச்சமும் பறந்தது.

சனிக்கிழமை மாலை ஏர்னஸ்ட் வெறுமையான வீட்டின் நடுவில் கையை விரித்து நின்றார்.

"பாத்தியா? போட்ட காசும் வந்துத்து, நம்மட இருபத்து மூண்டும் சும்மா கிடைச்சித்து. இப்பச் சொல்லு."

மவுறீன் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏர்னஸ்ட், இண்டைக்கு மார்க்கெட்டில மட்டும் பதினாலு பேர் நம்மட சேட்டோட போனாங்க. பேரையும் எடுத்துப்போட்டீங்க. சார்மெயின் வந்து இறங்கினா, இதில ஆரு தன்ட ஆக்கள் எண்டு அந்தப் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

ஏர்னஸ்டின் காதிலிருந்து பென்சில் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர், நிமிர்வதற்குள் பழைய ஏர்னஸ்டாகிவிட்டார்.

"அவ நம்மளக் கண்டுபிடிக்கத் தேவையில்ல. அவளக் கண்டுபிடிக்க வேண்டியது நான். கொழும்பில இருந்து வாற ரயில்ல நம்மட சேட்டப் போட்டுக்கொண்டு வேற ஆரு வரப்போறா?"

*

அந்த ரயில் வாழைச்சேனையிலும் நின்று ஆளேற்றிக்கொண்டு வரும் என்பதையும், வாழைச்சேனைக்குப் பக்கத்தில்தான் பாசிக்குடா இருக்கிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

பின்னேரம் ரயில் மட்டக்களப்பில் நின்றபோது, மேடையில் ரொசாய்ரோ குடும்பம் இருபத்து மூன்று பேரும் சேட்டோடு நின்றார்கள். ஆட்டோக்காரர் எட்டுப் பேரும் சேட்டோடு நின்றார்கள். தேத்தண்ணிக் கடை, தம்பிலி, எல்லாம் வயலின். மூத்த மகன் கிளென் மெய்யான வயலினைத் தோளில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். மைத்துனர் பிரட்லி ரபான் மேளம் தட்டினார். மவுறீன் கையில் ஒரு தட்டு லவ் கேக்.

முதல் பெட்டியிலிருந்து ஏழு நிறச் சேட் ஒன்று இறங்கியது. ஏர்னஸ்ட் பாய்ந்தார். அதற்குள் ஒரு பெரிய மீசை இருந்தது.

"இல்ல" என்றார்.

அடுத்ததாகச் சேட்டோடு ஒரு தகப்பனும் மூன்று பிள்ளைகளும் இறங்கினார்கள்.

"இதுவுமில்ல."

"கடவுளே" என்றார் மவுறீன். "ஏர்னஸ்ட், நல்லாப் பாருங்க. குருநாகல் நினைவிருக்கட்டும்."

 கூட்டம் அரைவாசிக்கு மேல் கலைந்துவிட்டது. அப்போது கடைசிப் பெட்டியிலிருந்து அவள் இறங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். செம்பட்டை மயிர், முதுகில் பெரிய பை, நெஞ்சில் நடுங்குகிற வயலின். பிறெண்டாவின் புருசன் வெள்ளைக்காரர்தானே, பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

ஏர்னஸ்ட் தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடி, மரத்தைப் பார்க்கிற மாதிரி அளந்தார்.

"தாடையப் பார். எங்கட அப்பாட தாடை!"

"ஓம், அப்பிடியே" என்றார் பிரட்லி. அவர் அந்த அப்பாவைக் கண்டதே இல்லை.

"சார்மெயின்!" என்று கூவிக்கொண்டு இருபத்து மூன்று பேரும் ஓடினார்கள். அந்தப் பிள்ளை முதலில் ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு எல்லோருடைய நெஞ்சிலும் தன்னுடைய வயலினைக் கண்டு, முகம் முழுக்கச் சிரித்தாள்.

"ஹோம்ஸ்டே?" என்று கேட்டாள்.

"ஹோம்! ஹோம்! அவர் ஹோம்!" என்று ஏர்னஸ்ட் அவளைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். அவளும் பாவம், கண் கலங்கி, அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

"அழுறத விட்டுப்போட்டு ஒரு போட்டோ எடுங்க. பிறெண்டாவுக்கு அனுப்போணும்" என்றார் மவுறீன்.

யார் எடுப்பது? குடும்பத்தில் ஒருவரும் படத்துக்கு வெளியே நிற்கத் தயாரில்லை. ஆட்டோக்காரரும் தாங்களும் சேட்டுக்காரர்தானே என்று வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். மேடை முழுக்கத் தேடிப் பார்த்ததில், வெறும் வெள்ளைச் சேட்டோடு ஒரு வெளிநாட்டுப் பெண்பிள்ளை வாங்கிலில் உட்கார்ந்து, இந்தக் கூத்தையெல்லாம் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வயலின் இல்லாத ஒரே ஆள் அவள்தான். படத்துக்குள் வரத் தேவையில்லாத ஒரே ஆளும் அவள்தான்.

ஏர்னஸ்ட் போனை அவள் கையில் திணித்தார். "ஒன் போட்டோ, ப்ளீஸ்."

அவள் எழுந்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். கிளென் வாசித்த வேகத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று படம் எடுத்துக் கொடுத்தாள். திரும்பவும் ஏதோ சொல்ல வந்தவளின் கையில், உபகாரத்துக்கு நன்றியாக, மவுறீன் ஒரு துண்டு லவ் கேக்கை வைத்தார். அதற்குள் பிரட்லி வானைத் தொடக்கிவிட்டார்.

*

வீட்டில் நண்டுக் கறியும் பன்றிக் கறியும் காத்திருந்தன. மருமகள் இரண்டையும் ஒரு கை பார்த்தாள். "தேங்க் யூ, தேங்க் யூ" என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை.

"அம்மா எப்பிடி? மம்மி, குட்?" என்று ஏர்னஸ்ட் கேட்டார்.

"மம்மி குட்!" என்றாள்.

"பிறெண்டா மாதிரியே. அளந்துதான் கதைப்பா" என்றார் ஏர்னஸ்ட், பெருமையாக.

கை கழுவி வந்தவள், காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பிறகு பணப்பையைத் திறந்து சில நோட்டுகளை நீட்டினாள். வீடே அதிர்ந்து போயிற்று.

"மாமாட வீட்டில சாப்பிட்டதுக்குக் காசு குடுக்கிறதா?" என்று ஏர்னஸ்ட் அவள் கையை மூடிவிட்டார். "அங்க வளத்த விதம் அப்பிடி. பிறெண்டா வரட்டும், கேக்கிறன்."

நாற்காலிகள் ஓரம் போயின. கிளென் வயலினை எடுத்தான், பிரட்லி ரபானை மடியில் வைத்தார், கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கியது. மருமகள் பாவாடை சுழற்றி ஆடும் பெண்களுக்கு நடுவில் போய் நின்று, இரண்டு சுற்றுக்குள் அடவைப் பிடித்துவிட்டாள்.

"பாத்தியா அந்தக் காலை!" ஏர்னஸ்ட் மவுறீனின் தோளை இடித்தார். "இதெல்லாம் சொல்லிக் குடுத்து வாறதில்ல. ரத்தம்."

"ஓம் ஏர்னஸ்ட்" என்றார் மவுறீன். அவருக்கும் கண் நிறைந்திருந்தது. "உங்கள எவ்வளவு ஏசியிருப்பன். கடைசியா உங்கட சேட்டுத்தான் காப்பாத்தித்து."

ஏர்னஸ்ட் முற்றத்துக்குப் போனார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அக்காவின் இலக்கத்தைத் தன் போனில் எடுத்தார். ஸ்டேசனில் எடுத்த படத்தில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து அனுப்பிவிட்டு, தொண்டையைச் செருமி, குரலைப் பதிவு செய்தார்.

"அக்கா, நான் ஏர்னஸ்ட். படத்தப் பாரு. கண்ட உடனே பிடிச்சித்தன். சேட் ஒரு சாட்டுத்தான், தாடையிலயே தெரிஞ்சித்து. இந்த முறை என்ட கண்ணுக்குப் பிழைக்கல்ல. நத்தாருக்கு வா, அக்கா. உன்ட அறைக்குப் புதுக் கட்டில் செஞ்சி வெச்சிருக்கன். நாடா வெச்சு அளந்துதான் செஞ்சன்."

கடைசி வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. அழித்துத் திரும்பச் சொல்லலாமா என்று யோசித்து, அப்படியே அனுப்பினார். பேர்த்தில் பிறெண்டா ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் நேரம். படத்துக்குக் கீழே இரண்டு சின்னச் சரி அடையாளங்கள் சாம்பல் நிறத்தில் விழுந்தன. அவை நீலமாவதைப் பார்த்தபடி அவர் பலாமரத்தில் சாய்ந்து நின்றார். உள்ளே ரபான் அதிர்ந்தது. உலகத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று அவருக்கு அந்த நேரத்தில் நிச்சயமாகத் தெரிந்தது.

சரிகள் நீலமாகின.

அதே நேரம் படலைக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஏழு நிறச் சேட்டோடு ஜெயந்தன் இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அங்கிள், ஸ்டேசன்ல உங்களுக்குப் போட்டோ எடுத்துத் தந்த வெள்ளச் சேட்டுப் பிள்ளைய ஏத்தித்து வந்திருக்கன், மாமா அனுப்பின சேட்டு ஒரு கழுவலோட வெள்ளையாப் போயித்தாம், அதாலதான் மாமாவுக்குத் தன்ன அடையாளம் தெரியல்லையோ எண்டு கேக்குது."